உன் ஊர் வானத்தில் பார்த்த கிரகணம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி, நலம் விசாரிப்பதை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். கிரகணத்தன்று உன் சித்தப்பாவின் வலது கண் போய்விட்டது. முழு இருட்டு இல்லை, எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் தெரியாது, சுற்றி இருப்பது தெரியும். இடது கண் சின்ன வயதிலேயே சுண்ணாம்பு தெறித்துப் புகைமூட்டமாகிப்போனது உனக்குத் தெரியும். ஆக, நல்ல கண் என்று இருந்த ஒன்றும் இப்படி ஆகிவிட்டது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் சித்தப்பாவுக்குச் சளி, சித்தப்பா சரக்கு எடுக்கப் போயிருக்கிறான், சித்தப்பா தூங்குகிறான் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். இதையும் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவிலேயே அழ ஆரம்பிப்பாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் கடைசிவரை போயாக வேண்டும். கடைசிவரை படி. உனக்கு வேலை இருப்பது கடைசியில்தான்.

போன விடுமுறைக்கு வந்தபோது நம் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற மிஷினோடு இருக்கிற கம்ப்யூட்டரில் வானம் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதிலிருந்துதான் ஆரம்பம். எந்த ஊரில் நின்று பார்த்தால் வானம் எப்படி இருக்கும் என்று காட்டும், எந்த ஊர் வேண்டும் என்று நீ கேட்டாய். உன் ஊரையே போட்டு வை என்று சொன்னது நான்தான். நம் ஊர் வானத்தைத் தலையைத் தூக்கினாலே பார்த்துக்கொள்வேன், அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்றேன், நீ சிரித்தாய். அன்று முதல் அது உன் ஊரிலேயே இருந்தது. தினமும் ஷட்டரை இறக்கும் முன்னால் ஒரு தடவை அதைத் திறந்து, அங்கே பொழுது சாய்ந்துவிட்டதா, நீ ஆபீஸிலிருந்து கிளம்பும்போது வெளிச்சம் இருக்குமா என்று பார்ப்பேன். இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இல்லை. நடந்ததற்குக் காரணம் இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

கிரகணம் வருகிறது என்றதும் மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், நான் வியாபாரத்தைப் பார்த்தேன். கிரகணக் கண்ணாடி ஒரு பெட்டி வரவழைத்து, பெரிய டப்பா பெயிண்ட் வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு எழுதி வைத்தேன். கண்ணாடி நல்ல கண்ணாடிதான், அதில் குறை சொல்ல முடியாது. சாஃப்ட்வேரில் தேதியை முன்னால் தள்ளிப் பார்த்தேன், சூரியன் முழுசாகக் கறுத்துச் சுற்றிலும் ஒரு வெள்ளை வட்டம் நின்றது. அவ்வளவுதான், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நம் ஊரில் முழுக் கிரகணம், கடைக்கு வந்து பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பேப்பரில் நம் பக்கம் முழுசாக மூடாது என்று போட்டிருந்தார்களாம். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். பேப்பர்காரனுக்கு என்ன தெரியும், என் மகள் போட்டுக் கொடுத்தது பொய் சொல்லுமா என்று அவர் வாயை அடைத்தேன். நீ அதற்கு முந்தின வாரம் சித்தப்பாவிடம் போனில் பேசியது நினைவிருக்கும். எங்கள் ஊரில் முழுசாக மூடும், அந்த ரெண்டு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்க்கப்போகிறேன், சுற்றிலும் வருகிற வெள்ளை நம் கடையில் எந்த டப்பாவிலும் இல்லாத வெள்ளையாம், பார்த்துவிட்டு என்ன கலர் என்று உங்களுக்குச் சொல்கிறேன் சித்தப்பா என்றாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீ நிற்கப்போகிற இடத்துக்கு அது சரி. அதைத் தூக்கிக்கொண்டுவந்து நாங்கள் நிற்கிற இடத்தில் வைத்தது நான்.

அன்றைக்குக் கடை வாசலில் நல்ல கூட்டம். கம்ப்யூட்டர் திரையைத் தெருப்பக்கம் பார்க்கிற மாதிரி கல்லா மேஜைமேல் ஏற்றி வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன், சித்தப்பாவும் பெயிண்டர்களும் ரோட்டு ஓரம். வெளிச்சம் மங்க மங்க சுவரெல்லாம் ஈயம் பூசினாற்போல் ஆனது. நிஜமாகவே எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. திரையில் சூரியன் கறுத்ததும், லோடுமேனைக் கூப்பிடுகிற குரலில், முழுசா மூடிருச்சு, கழட்டுங்க எல்லாரும் என்று கத்தினேன். கழற்றினார்கள். கழற்றிய வேகத்தில் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம் நெட்டைப் பெயிண்டர், கொக்கு என்று நாம் கூப்பிடுகிறவன், "முதலாளி, இன்னும் மூடலையே, பல்பு எரியுதே" என்று குரல் கொடுத்தான். "கண்ணைக் கொஞ்சம் பழக்குடா, தெரியும்" என்றேன் நான். இந்த வார்த்தையை நான் சொன்னேன், மகளே. கொக்கு கேட்கவில்லை, தப்பித்தான். உன் சித்தப்பா கேட்டான். சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவருகிற சில்லுக்கு ஷேடு பார்க்கும்போது என்ன செய்வான், இடது கண்ணை இறுக்கி மூடி, தாடையை உள்ளே இழுத்து, வலது கண்ணை இமைக்காமல் வைப்பானே, அப்படியே வைத்துச் சூரியனைப் பார்த்தான். மற்றவர்கள் பார்க்க நினைத்தது இருட்டை, இவன் பார்க்க நினைத்தது கலரை. திரையில் முடிந்துவிட்டது என்று நான் சொல்கிறவரை பார்த்துவிட்டு, "வெள்ளை வரலையே அண்ணே" என்றான். வலி இல்லை, எரிச்சல் இல்லை, டீ குடித்துவிட்டுச் சரக்கு இறக்கினான். சாயந்திரம் கலர் மாதிரி ஒட்டிய ஷேடு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதுல எவன் மஞ்சளைக் கொட்டினது என்று எல்லாரையும் திட்டினான். கார்டு சுத்தமாக இருந்தது. மறுநாள் காலையில் எழுந்தவனுக்கு உன் சித்தியின் காது தெரிந்தது, முடி தெரிந்தது, முகம் இல்லை.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு காகிதத்தை நீட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். "நடுவுல எலி கடிச்சிருக்கும்மா" என்றான் இவன். அந்த நிலையிலும் அவனுக்கு அந்த வாய். டாக்டர் சிரிக்கவில்லை. உள்ளே திரை மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதன் நடுவில் வெந்துபோயிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது, சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், இவருக்கு ரொம்ப நேரம் பார்த்திருப்பதால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். இந்த ஊரில் சூரியன் முழுசாக மூடவே இல்லையே, யார் கழற்றச் சொன்னது என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் வந்துதான் வாயைத் திறந்தாள். "உங்க தம்பிக்கு நீங்க சொல்லிட்டா சூரியனும் அணைஞ்சிடும் மாமா" என்றாள். அதற்கப்புறம் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் நாற்காலியை எடுத்துப் போடுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அவள் கத்திச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் உன் ஊர் பெயர். தினமும் அங்கேயேதான் இருந்தது, தினமும் நான் தேடிப்போய்ப் பார்த்த பெயர்தான். அன்றைக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. போகட்டும், பெயர்தான் சின்ன எழுத்து. சூரியன் சின்னதா? திரையில் அது இன்னும் மேலே நின்றது, தெருவில் அது மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாய்ந்து நின்றது. கள்ள நோட்டை விரல் பட்டதும் சொல்லிவிடுகிறவன் நான், டப்பாவை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தே பழைய சரக்கா புதுச் சரக்கா என்று சொல்லிவிடுகிறவன், ரெண்டு சூரியன் ரெண்டு இடத்தில் நிற்பதைப் பார்க்கவில்லை. இதை வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று நான் யோசிக்காமல் இல்லை, யோசித்தேன், வியாபாரி புத்தி. அனுப்பினவன், ஏற்றினவன், இறக்கினவன் என்று சரக்கு சேதத்தில் பார்ப்பதுபோல் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் என் வாசலில்தான் வந்து நின்றது. அன்றே போய்த் தம்பியிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "தெரிய வேணாம். அவ ஊரைப் போட்டு வச்சதால ஆச்சுன்னு அந்தப் பிள்ள மனசுல ஏறிடுச்சுன்னா இறங்காது" என்றான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றியும் இல்லை.

அப்படி இருந்தவன் நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். நான் வேண்டாம் என்றேன், உன் அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. ஒரு மருத்துவமனை வார்டுக்குப் பச்சை கேட்டிருந்தார்கள், பழைய சுவரோடு சேர வேண்டும், மிஷினில் அந்தக் கலர் கிடையாது. கலர் சேராத வெள்ளை பேஸில் கலரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினான், குச்சியில் தொட்டுச் சில்லுமேல் தடவினான், தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான், சரி என்று மூடியை அடித்து அனுப்பினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கே தெரிந்தது அது சேரவில்லை என்று. சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் கொக்கு டப்பாக்களைத் திரும்பத் தூக்கிவந்து வாசலில் வைத்தான். சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் வந்து, "என்ன முதலாளி, நோயாளி படுத்திருக்கற இடம், குளத்துப் பாசி மாதிரி இருக்கு, பாத்தாலே காய்ச்சல் வருது" என்று மெல்லத்தான் சொன்னான். உள்ளே இருந்தவனுக்குக் கேட்டுவிட்டது. கலக்குகிற குச்சியைத் துடைத்து, ஆணியில் மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு போனான். அதற்கப்புறம் வரவில்லை. சித்தி மூலமாக உன் அம்மாவிடம் சொல்லியனுப்பினான், வேலை செய்யாதவனுக்குப் பங்கு எதற்கு, என் பேரைக் கடையிலிருந்து எடுத்துவிடச் சொல் என்று. ரெண்டு பேரும் ஒரே வாளியில் சுண்ணாம்பு கரைத்து ஆரம்பித்தது இந்தக் கடை. அவன் பேரை எடுத்தால் அப்புறம் அங்கே என்ன இருக்கிறது, நானும் டப்பாவும்தான். சாப்பிடுகிறானாம், தூங்குகிறானாம், யாரோடும் பேச்சு இல்லையாம். எனக்கு பயம் வந்தது. உனக்குத் தெரியும், நான் சட்டென்று பயப்படுகிறவன் இல்லை.

இந்த வார விடுமுறை நாளில், அவனே ஆள் அனுப்பி, அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வா அண்ணே என்றான். கழற்றி எடுத்துக்கொண்டு போய் அவன் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தலையைச் சாய்த்து, "கோழி மாதிரி பாக்கறேன், சிரிக்காத" என்றான். முதலில் நம் ஊரைப் போடச் சொன்னான். அதே நாள், அதே நேரம். நகத்தை வெட்டிப் போட்டாற்போல் ஒரு கீற்று கடைசிவரை மிச்சம் நின்றது, அணையவே இல்லை. "இத்தனூண்டா? இதுவா தின்னுச்சு?" என்றான். அப்புறம் இங்கிருந்து உன் ஊருக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னான். போகப் போகக் கீற்று மெலிந்துகொண்டே போனது. நாங்கள் முன்பு பிரஷ் வாங்கப் போவோமே, அந்த ஊரில் வந்து சுத்தமாக அணைந்துவிட்டது. அந்த ஊரைத் திரும்ப ஒரு தடவை போடச் சொன்னான். நிலாவில் நின்று பார்க்க முடியுமா என்று கேட்டான். நீ சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து தட்டுத் தடுமாறிப் போட்டேன். பூமி உருண்டையாக வெளிச்சமாக நிற்கிறது, அதன்மேல் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு, சுற்றிலும் லேசாக ஒரு மங்கல், ஈ ஊர்வதுபோல் ஊர்ந்து போகிறது. உன் ஊர் அந்த மிளகுக்குள். நாம் வெளியே, மங்கலில். "அங்க நிக்கறவனுக்கு நம்ம கடையும் தெரியல, நீ கத்துனதும் கேக்கல" என்றான். கடைசியாக, சூரியன்ல நின்னு காட்டு என்றான். போட்டேன். பூமியும் பளிச்சென்று இருக்கிறது, அதற்கு முன்னால் நிலாவும் பளிச்சென்று இருக்கிறது, ஒரு பொட்டு நிழல் கிடையாது. "அதுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது அண்ணே" என்றான். உள்ளே சித்தி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

நான் ஏன் பார்த்தேன்னு ஒருத்தரும் கேக்கலையே என்றான் அப்புறம். கேட்டேன். பாப்பா சொன்ன அந்த வெள்ளைக்குத்தான் என்றான். இந்தத் திரையில் காட்டுகிற வெள்ளை பொம்மை வெள்ளை, எவனோ கம்ப்யூட்டரில் தடவினது, அதை நம்ப முடியாது. நம்பித்தான் இந்தக் கதி. நிஜமாகப் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளோ தினம் போன் பண்ணுகிறாள், நீ அவளிடம் எனக்குச் சளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் அண்ணே என்றான். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் அவன் எப்படி உன்னோடு பேசுவது, சொன்னால்தான் பேச முடியும் என்று நான் பிடித்துக்கொண்டேன். அவன் முடியாது என்றான், நான் விடவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன், இப்படி ஒன்று பேசியதில்லை. ரெண்டு பக்கமும் இறங்கி வந்தோம். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் மற்றது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, நீயும் ஒரு வார்த்தை சொல். குடோன் கூரை ஒழுகிப் சுவருக்குப் பூசுகிற பட்டிப் பவுடர் மூட்டை கொஞ்சம் வீணாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு வராதே. வேலையை விடுகிற பேச்சு எடுக்காதே. நீ வந்து உட்கார்ந்து அழுதால் அவனுக்கு அதுவும் ஒரு சுமை. லீவு கிடைக்கும்போது முறையாக வா. வெயிலில் போனால் கண்ணாடி போட்டுக்கொள், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே, வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்டு. சாஃப்ட்வேரை நம் ஊருக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன், மாற்றினால் கையை உடைப்பேன் என்றான். அதனால் அது உன் ஊரிலேயே இருக்கிறது. ஷட்டர் இறக்கும்போது நான் பார்க்கத்தான் செய்கிறேன், முன்பு மாதிரி இல்லை, ஆனாலும் பார்க்கிறேன். நீ நின்ற இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல், பார்த்ததும் தொட்டதும் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது.

இனி பேசி முடித்தது. சித்தப்பா கடைக்கு வருவான், கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்காருவான், பங்கு பழையபடி பாதிக்குப் பாதி. அவன் பேரை எடுக்கிற பேச்சு இனி இல்லை. நான் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், ஆனால் நீ அவனிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, அழக் கூடாது, உன் ஊரைப் பற்றி ஒரு சொல் எடுக்கக் கூடாது. வாரா வாரம் விடுமுறை நாளில் போன் பண்ணி, நீ பார்த்த அந்த வெள்ளையை அவனுக்குச் சொல்ல வேண்டும். அழகாக இருந்தது, ஆச்சரியமாக இருந்தது என்பதெல்லாம் செல்லாது. சின்னப் பிள்ளையில் அவன் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாயே, அந்தக் கணக்கில், எந்த பேஸ், எத்தனை சொட்டுக் கறுப்பு, நீலம் உண்டா, மஞ்சள் உண்டா, ஓரத்தில் வேறு கலர் தெரிந்ததா என்று கடைப் பாஷையில் சொல்ல வேண்டும். அவன் கலக்குவான், பலகையில் அடித்துக் காயவைத்து எடுத்து வைப்பான். நீ வரும்போது பார்த்து, இதுதான் அல்லது இது இல்லை என்று சொல்ல வேண்டும். பாவம் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது, சொன்னால் பேரம் முறிந்தது, அவன் திரும்பப் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவான். இவ்வளவுதான் கேட்கிறான். அவன் விலையைக் கொடுத்துவிட்டான். சரக்கு உன்னிடம் இருக்கிறது.

உன் அப்பா